மாங்கூழ் ஆலையின் இரண்டு அறைகள்

என்னங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். இருந்த காலத்தில் பெயர் சொன்னதில்லை, கடிதத்தில் மட்டும் எப்படி வரும்? நலமா என்று கேட்கவும் முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் இங்கே நாங்கள் எப்படி இருக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பிள்ளைகள் நலம். பெரியவள் சேலத்தில் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சின்னவன் உங்களைப் போலவே சோற்றைப் பிசைந்துகொண்டே ஊர்க்கதை பேசுகிறான். வீட்டில் குறை இல்லை. குறையெல்லாம் காரிமங்கலம் சாலையில் நீங்கள் கட்டிவிட்டுப் போன மாங்கூழ் ஆலையில்தான். அதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது. இப்போதெல்லாம் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கே போய்விட்டு, கூட்டம் சேர்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறேன். சந்தைப் பக்கம் போவதே இல்லை. நமக்குப் பழம் கொடுத்தவர்கள் யாராவது எதிரில் வந்து, "டீச்சர், நல்லாருக்கீங்களா" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம்.

இதை நான் பெட்டியில் பூட்டிவைக்கப் போவதில்லை. கோயில் மாத இதழில் போடச் சொல்லிக் கொடுக்கப் போகிறேன். ஆலையில் பழம் அறுத்த பெண்களும், வண்டி கட்டிப் பழம் கொண்டுவந்தவர்களும் இதைக் கேட்கட்டும். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டட்டும். உங்களிடம் சொல்கிற சாக்கில் அவர்களிடம்தான் சொல்கிறேன் என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்.

உங்கள் தம்பி ஆரோக்கியத்தையும் உங்கள் நண்பர் கோவிந்தனையும் இரண்டு பக்கத்திலும் வைத்துக்கொண்டுதானே அந்த ஆலையை நடத்தினீர்கள். ஆரோக்கியம் விற்பனை பார்த்தார். இங்கிலீஷ் பேசுவார், பெங்களூரிலும் மெட்ராசிலும் பெரிய கம்பெனிக்காரர்களோடு சரிக்குச் சரி உட்காருவார். கோவிந்தன் கொள்முதலும் ஆலையும் பார்த்தார். எந்தத் தோப்பில் எப்போது பழம் இறங்கும் என்பது தோப்புக்காரனைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பேருக்கும் ஆகாது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்ததுதான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உங்கள் அறையில் அவர்கள் போடும் சத்தம் கொதிகலன் சத்தத்தையும் மீறிக் கேட்கும். நீங்கள் தடுக்க மாட்டீர்கள். கத்தி முடிக்கும்வரை சாப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். கைகழுவிவிட்டு வந்து, "சரி, இதுதான் முடிவு" என்பீர்கள். அதோடு தீர்ந்துபோகும். தோற்றவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாலும் வேலை நடக்கும்.

அந்தச் சண்டை ஆலைக்கு எவ்வளவு முக்கியம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. "எதுக்குங்க இப்படிக் கத்துறாங்க, நாலு பேரு கேட்டா என்ன நினைப்பாங்க" என்று உங்களிடம் குறைப்பட்டுக்கொள்வேன்.

உங்களுக்கு நெஞ்சுவலி வந்து பெங்களூருக்குக் கொண்டுபோனோமே, அங்கிருந்து உங்களை அடக்கத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்த வாரத்திலேயே இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். உங்கள் இடத்தில் நான்தான் உட்கார வேண்டும் என்றார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பேச்சு. ஆரோக்கியம், "அண்ணி, நீங்க இருந்தாப் போதும், மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார். கோவிந்தனும் அதையே சொன்னார். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். இருந்தால் போதும் என்றார்களே, நானும் இருந்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

முதல் தகராறு எந்தப் பழம் என்பதில் வந்தது. வெளிநாட்டுக்குப் போகிற சரக்கில்தான் எதிர்காலம், அதனால் அல்போன்சா மாம்பழத்தை அதிகம் வாங்க வேண்டும் என்றார் ஆரோக்கியம். நம்மை நம்பிக் கிளிமூக்குப் பெங்களூரா மாமரம் வைத்திருக்கும் சின்ன விவசாயிகளை விடக் கூடாது, உள்நாட்டு ஜூஸ் கம்பெனிகளுக்கு அதுதான் வேண்டும் என்றார் கோவிந்தன். இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டு பேர் சொன்னதும் சரிதான். எதை எடுத்திருந்தாலும் பிழைத்திருப்போம். கூட்டத்தில் நான் முடிவு சொல்லவில்லை. அன்று சாயங்காலம் ஆரோக்கியம் தனியாக வீட்டுக்கு வந்தார். "பார்க்கலாம்" என்றேன். மறுநாள் கோவிந்தன் வந்தார். அவரிடமும் "பார்க்கலாம்" என்றேன். அவர் அதைத் தனக்குச் சரி சொன்னதாக எடுத்துக்கொண்டார். இவரும் அப்படியே எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. நல்ல பெயர் எடுக்கவா என்னை அங்கே உட்கார வைத்தார்கள்?

அதற்குப் பிறகு ஆலையில் சத்தமே இல்லை. இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மதியம் அவரவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டார்கள். பைத்தியக்காரி மாதிரி நான் சந்தோஷப்பட்டேன். சண்டை ஓய்ந்துவிட்டது என்று பெரியவளுக்குக் கடிதம்கூட எழுதினேன்.

ஆரோக்கியத்தின் அறை ஆட்கள், கோவிந்தனின் அறை ஆட்கள் என்று அலுவலகம் பிரிந்துகொண்டே போனது. கணக்குப் பார்ப்பவர் இந்தப் பக்கம், கிடங்கு பார்ப்பவர் அந்தப் பக்கம். இந்த அறைக்கு டீ கொண்டுபோகிறவர் அந்த அறைக்குப் போக மாட்டார். ஒரு விஷயத்தை அடுத்த அறைக்குச் சொல்ல வேண்டுமென்றால் வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினார்கள். சரக்கு எந்த வாரம் கப்பலேறும் என்று ஆரோக்கியம் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்தார், ஆலையில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதே வாரம் கோவிந்தன் கொதிகலனைப் பிரித்துப் பழுது பார்த்தார், விற்பனைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. சரக்கு தாமதமாகப் போனது. வாங்கியவர்கள் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை வேண்டாம் என்றார்கள். யார் தப்பு என்று இரண்டு பேரும் என்னிடம் தனித்தனியாக வந்து விளக்கினார்கள். இரண்டு விளக்கமும் பொருத்தமாகவே இருந்தன.

சோதனைக்கூடத்தில் நீங்கள் சேர்த்த கெமிஸ்ட் பெண் அந்த வருடக் கடைசியில் ஓசூரில் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்குப் போய்விட்டாள். சம்பளமா என்று கேட்டேன். இல்லை என்றாள். ஒருவர் சொன்னதைச் செய்தால் அவருடைய ஆள் என்று பெயர் வருகிறது, மற்றவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, நான் யாருடைய ஆளும் இல்லை, வேலை செய்ய வந்தவள் என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்குப் பின்னால் கொதிகலன் பார்த்தவரும் போனார். நல்ல ஆட்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். யார் பக்கமாவது சாய்ந்து நிற்கத் தெரிந்தவர்கள் தங்கிவிட்டார்கள்.

உங்கள் முதல் வருட நினைவு நாள் வந்தது. இதை உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆரோக்கியம் கோயிலில் பூசைக்கு ஏற்பாடு செய்து, கோயில் வளாகத்தில் எல்லோருக்கும் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். கோவிந்தன் அதே நாள், அதே மதியம், ஆலையில் பந்தல் போட்டு, உங்கள் படத்துக்கு மாலை போட்டு, எல்லோருக்கும் சாப்பாடு என்று சொல்லிவிட்டார். ஒருவர் ஏற்பாடு மற்றவருக்குத் தெரியாது என்று இரண்டு பேரும் சாதித்தார்கள். எனக்கு இரண்டும் முன்னாலேயே தெரியும். நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னால் யாருக்காவது மனம் நோகும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். பூசை முடிந்ததும் கோயில் பந்தியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பிறகு ஆலைக்கு ஓடிப்போய் அங்கேயும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இரண்டு இடத்திலும் இலைகள் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தன.

அடுத்த நாள், பழம் அறுக்கும் பெண்களுக்கு மேஸ்திரியாக இருந்த லட்சுமியைப் பார்த்து, ஏன் பெண்கள் யாரும் வரவில்லை என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"எங்க போனாலும் இன்னொருத்தருக்குக் கோவம் வருமேங்க. வேலைக்கு வேண்டாம்னுட்டா என்னங்க பண்றது? அதான் ரெண்டு பக்கமும் போகாம, பொம்பளைங்க எல்லாரும் வூட்டுக்குப் போயி பழையதைக் குடிச்சோம். மொதலாளி பேரைச் சொல்லிட்டுத்தான் குடிச்சோம்."

என்னங்க, உங்கள் பெயரில் போட்ட சோற்றை அவர்கள் பயந்துகொண்டு சாப்பிடாமல் போனார்கள். அதற்கு மேல் எனக்கு என்ன தெரிய வேண்டும்? அன்றைக்கே இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து அழுதேன். அழுதுவிட்டுத் தூங்கினேன்.

இரண்டாம் பருவம் வந்தது. உங்கள் நாற்காலியில் இருப்பவர், ஆரோக்கியம், கோவிந்தன் என்ற மூன்று பேரில் எந்த இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாலும் காசோலை செல்லும் என்று நீங்கள் செய்து வைத்திருந்தீர்கள் அல்லவா? கூழ் அடைக்கும் டின்களுக்காக மெட்ராஸ் கம்பெனிக்கு முன்பணம் அனுப்ப ஆரோக்கியம் காசோலை எழுதி, தான் கையெழுத்துப் போட்டு என் மேசைக்கு அனுப்பினார். விவசாயிகளுக்கு முன்பணம் கொடுக்க கோவிந்தன் ஒன்று எழுதி, தான் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். என்னைக் கேட்காமல் டின் சொன்னவருக்கு நான் ஏன் போட வேண்டும் என்றார் கோவிந்தன். என்னைக் கேட்காமல் பழம் பேசியவருக்கு நான் ஏன் போட வேண்டும் என்றார் ஆரோக்கியம்.

நான் இரண்டிலும் போட்டிருக்கலாம். ஒரு நிமிட வேலை. ஆனால் ஒன்றில் போட்டால் மற்றவர், அண்ணி அவர் பக்கம் போய்விட்டார், டீச்சர் இவர் பக்கம் போய்விட்டார் என்று நினைப்பார். அவர்களே ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளட்டும், அதனாலாவது பேசட்டும் என்று வைத்திருந்தேன். அதைப் பொறுமை என்று வேறு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சித்திரை போய் வைகாசி வந்தது. மாமரத்துக்கு நம் வீட்டுச் சண்டை தெரியுமா?

முன்பணம் கொடுக்காமலே கோவிந்தனின் வாய்வார்த்தையை நம்பி விவசாயிகள் பழத்தை இறக்கினார்கள். உங்கள் காலத்தில் கிடைத்த நம்பிக்கை அது. பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்தும் வத்தல்மலை அடிவாரத்திலிருந்தும் டிராக்டரும் மாட்டு வண்டியுமாக வந்து வாசலிலிருந்து சாலைவரை நின்றன. பழுக்கவைக்கும் கொட்டகை நிரம்பிவிட்டது. டின் வரவில்லை. பயந்துபோய் ஒருநாள் காலையில் இரண்டு காசோலையிலும் கையெழுத்துப் போட்டு ஆளை ஓடவிட்டேன். மெட்ராசுக்கு டிரங்க் கால் போட்டுக் கெஞ்சினேன். மற்ற ஆலைகள் முந்திவிட்டன, வரிசைப்படிதான் தர முடியும் என்றார்கள். டின் இல்லாமல் கூழை எதில் அடைப்பது? பழம் கொட்டகையிலேயே கனிந்து, கசிந்து, அழுக ஆரம்பித்தது. வாடை சாலைவரை அடித்தது. பஸ்ஸில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நம் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வாசலில் வைத்துத்தான் இரண்டு பேரும் மறுபடி வாய் திறந்தார்கள். நீதான், நீங்கள்தான் என்று விவசாயிகள் எதிரில், லட்சுமி எதிரில், லாரிக்காரர்கள் எதிரில் கத்தினார்கள். பேச வேண்டிய காலத்தில் பேசாத பேச்செல்லாம் அழுகிய பழத்துக்கு நடுவில் நின்று பேசினார்கள். நான் போய் நடுவில் நின்றேன். பாலக்கோட்டு மாரியப்பன் தன் டிராக்டரிலிருந்து இறங்கி வந்தார். உங்களுக்கு முதல் வருடம் முதல் வண்டிப் பழம் கொடுத்தவர். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அவர்கள் பக்கமே திரும்பவில்லை. என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்குள்ள ஒத்துப்போகலைன்னா அது உங்க வூட்டு விசயங்க டீச்சர். ஒரு வார்த்தை முன்னாலயே சொல்லியிருந்தா வேற பேக்டரிக்குக் கொண்டுட்டுப் போயிருப்பனில்லீங்க?"

அவர் டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனார். போகிற வழியில் பழத்தை எங்கோ பள்ளத்தில் கொட்டிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். டின் வந்து சேர்ந்தபோது பருவம் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இனி வேண்டாம் என்று தந்தி கொடுத்துவிட்டார்கள். பெண்களில் பாதிப் பேருக்கு வேலை இல்லை என்று நானே நின்று சொன்னேன். லட்சுமி குடும்பத்தோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது சொல்லிவிட்டுப் போக வந்தாள், நான் வீட்டில் இல்லை. இல்லாமல் போனதே நல்லது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்கும் வெட்கப்படுகிறேன்.

பருவம் முடிந்து ஆலையைக் கழுவிவிட்ட பிறகு, இரண்டு பேரையும் உங்கள் அறைக்குக் கூப்பிட்டேன். கதவைச் சாத்தினேன். பேசி முடிக்கும்வரை யாரும் வெளியே போகக் கூடாது என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஆரோக்கியம்தான் ஆரம்பித்தார்.

"அண்ணன் இருந்தப்ப கோவிந்தண்ணன் எங்கிட்ட சண்டையாச்சும் போடுவாரு. அண்ணன் போனதும் பேச்சையே நிறுத்திட்டாரு. அண்ணன் இடத்துக்கு இனி தான்தான்னு அவரு முடிவு பண்ணிட்டாருன்னு நெனச்சேன்."

கோவிந்தன் நிமிர்ந்து பார்த்தார். "நானா? கூடப் பொறந்தவன், நாளைக்கு அந்த நாற்காலி எனக்குத்தான்னு நீ நடந்துக்கறேன்னு நான் நெனச்சேன்பா."

அந்த நாற்காலியில் அப்போது நான் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருடமாக அதில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். காலியாக இருக்கிறது என்று நினைத்துத்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன? எனக்கும் அது காலியாகத்தானே தெரிந்தது.

அதை அப்படியே அவர்களிடம் சொன்னேன். ஆரோக்கியம் முகத்தை மூடிக்கொண்டார். கோவிந்தன் எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றார். அன்று எதுவும் சரியாகிவிடவில்லை. ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அடுத்த வருடம் அல்போன்சா வேண்டாம், பெங்களூரா மட்டும், உள்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கொஞ்சமாக என்று நான் முடிவு சொன்னேன். ஆரோக்கியம் ஒத்துக்கொள்ளவில்லை. உரக்க, மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னார். முழுதும் கேட்டேன். கேட்டுவிட்டு, முடிவு அதுதான் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனவர், மறுநாள் காலையில் பழைய ஜூஸ் கம்பெனிக்காரர்களைப் பார்க்கப் பெங்களூருக்குப் பஸ் ஏறினார். கோவிந்தன் ஒரு பருவம் மட்டும் இருக்கிறேன், அதற்கப்புறம் என் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தடுக்கவில்லை. அவர் மனம் எவ்வளவு ஆறும் என்று எனக்குத் தெரியாது.

போன வாரம் இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு மாரியப்பன் வீட்டுக்குப் போனேன். அவர் தோப்பில் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தார். நான்தான் பேசினேன். தப்பு எங்களுடையது, பழம் பழுத்தது தெரிந்தும் நாங்கள் எங்களுக்குள் இருந்த கோபத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம், கையெழுத்துப் போட வேண்டியவள் நான், போடாமல் வைத்திருந்தேன் என்றேன். அவர் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். மாரியப்பன் கைமண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அடுத்த வருசம் உங்களுக்குத்தான் பழம்னு என்னால சொல்ல முடியாதுங்க. வேற இடத்துல வாக்குக் குடுத்துட்டேன்" என்றார். பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

குடித்தோம். நான் சொம்பு காலியாகும்வரை குடித்தேன்.

இன்னும் எத்தனையோ வீடுகள் பாக்கி இருக்கின்றன. எல்லா வீட்டுக்கும் போவேன். இவர்கள் இரண்டு பேரும் வந்தால் இவர்களோடு போவேன், வராவிட்டால் தனியாகப் போவேன். பெங்களூருக்குப் போய் லட்சுமி எந்தக் கட்டடத்தில் கல் சுமக்கிறாள் என்று விசாரித்து, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். பழம் தருகிறேன், வேலைக்கு வருகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. திட்டினாலும் நின்று கேட்டுக்கொள்வேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. இதைப் படிக்கிற அத்தனை பேரும் சாட்சி.

உங்கள் மனைவி, உங்கள் பிள்ளைகளின் அம்மா,
புஷ்பம்